நீ நகர்த்திய நாற்காலி

தம்பி,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ சுகம் என்பதை லத்தா தெருப் போட்டோக்காரன் கடைக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த படத்திலேயே பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. என் சுகத்தை நீ கேட்டால் சொல்லலாம். கேட்கமாட்டாய், அதையும் விடுகிறேன். உன் புதிய குவாட்டர்ஸ் வாசல்வரை இரண்டு முறை வந்தேன். ஒரு முறை மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுமுறை தூங்குவதாகச் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட உச்சிவெயில் நேரத்தில் நீ தூங்கி நான் பார்த்ததில்லை. ஜன்னல் திரை அசைந்ததையும் பார்த்தேன். வாசலில் நின்று சத்தம் போட எனக்குத் தெரியாதா? உன் கீழ் ஆடுகிற பையன்கள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. தெருமுனையில் குடைக்கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் மடித்துக் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் அவர் படித்தாலும் சரி, உன் கல்லூரி வாசலைக் காக்கும் தர்வான் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். வெட்கத்தைப் பார்த்துப் பார்த்துத் துக்கம்தான் மிச்சமாயிற்று. விஷயம் இதுதான். மவுங் மியாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அவனுடைய அப்பா வந்திருக்கிறார். அன்றைக்கே ஆற்றுக் கப்பலில் ஊருக்குக் கூட்டிப் போகிறார், இனிப் படிக்க அனுப்பப் போவதில்லை. நீ கையைப் பிடித்துப் பந்து தட்டக் கற்றுக்கொடுத்து, பழைய கல்லூரி அணிக்கே தலைவனாக ஆக்கிய பிள்ளை, உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அதற்குள் நீ வர வேண்டும். நான் எழுத வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், பெற்றவள் அல்லவா, அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ பழைய கல்லூரியை விட்டு எதிர்க் கல்லூரிக்குப் போனதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரெல்லாம் உன்னை அதற்காகத்தான் ஏசியது, நான் ஏசவில்லை. அந்தக் கல்லூரிக்கு நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் இரண்டு தேக்குக் கம்பத்தை நட்டு, மேலே இரும்பு வளையத்தை மாட்டி, இதுதான் கூடைப்பந்து என்று காட்டினார். பிறகு உடம்புக்கு முடியாமல் தன் நாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நீ அங்கே வெறும் டிரில் மாஸ்டர். பிரம்புப் பந்தைக் காலால் உதைத்தே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்தைக் கையால் தொடச் சொல்லிக் கொடுத்தவன் நீ. மழைக்காலத்தில் சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பழக்கினாய். ரங்கூனில் அந்தக் கல்லூரியை அடிக்க ஆளில்லை என்று ஆயிற்று. கோப்பை வந்தபோதெல்லாம் போட்டோவும் எடுத்தார்கள். பிரின்சிபால் நடுவில் நாற்காலியில், இரண்டு பக்கமும் பேராசிரியர்கள் நாற்காலியில், பின்னால் பையன்கள். நீ ஓரத்தில் நின்றாய். ஒரு வருஷம் உன் பாதித் தோள்தான் சட்டத்துக்குள் வந்தது. அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, "அந்தப் பந்துக்குக்கூட நடுவுல எடம் இருக்கும்மா" என்றாய். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை.

நாற்காலியின் அருமை எனக்குத் தெரியாதது அல்ல. உன் அப்பா மரமில்லில் நின்றே தேய்ந்தவர். துரை வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது, துரை போன பிறகு உட்கார நேரம் கிடையாது. மில்லில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து அந்த மனுஷன் ஒரு நாற்காலி செய்தார். பின்னங்கால் ஒன்று கட்டை. அதன் கீழே சப்பட்டையாக ஒரு ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும். சாயங்காலம் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார் என்றால் முகமே வேறாகிவிடும், ஏதோ ஜில்லா கலெக்டர் மாதிரி என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். நீ அவர் மடியில் ஏறி உட்காருவாய். அவர் போன பிறகு வேறு யார் அதில் உட்கார்ந்தாலும் உனக்குப் பொறுக்காது. அப்படி வளர்ந்தவனை எதிர்க் கல்லூரிக்காரர்கள் கூப்பிட்டு, "மைதான ஓரத்தில் உனக்கென்று ஒரு நாற்காலி, போட்டோவில் நடுவில் நாற்காலி" என்று சொன்னபோது, நான்தான் போ என்றேன். நீ தயங்கிக்கொண்டுதான் இருந்தாய். மவுங் மியாவை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிள்ளைகள் வருவார்கள் போவார்கள், உனக்கு வயது திரும்பி வராது என்றேன். அதை இப்போதும் தப்பு என்று நினைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? உன் சைக்கிள் ஆசனத்தில் சேற்றைப் பூசினார்கள். டிராமில் கண்டக்டர் எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஒங்க பையன் கட்சி மாறிட்டாராமே" என்றான். காதர் பாய் கடையில் குடைக்கம்பி மாற்றப் போனால் அவரும் ஆரம்பித்தார். "என்னக்கா, நம்ம புள்ள இப்புடி உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டானே. நாலு பேரு கடையில வந்து கேக்குறாங்க, எனக்குத் தலகுனிவா இருக்கு." எனக்கு வந்த கோபத்தில், "ஏன் பாய், ஒங்க மாமா கடையில தொழில் கத்துக்கிட்டு எதுத்தாப்புலயே கடை போட்டீங்களே, அது என்னவாம்?" என்றேன். "அது யாவாரம் அக்கா." "இதுவும் வேலதான் பாய்." அவர் கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கினார். பிறகு, "மாமு இன்னிக்கி வரைக்கும் எங்கிட்ட பேச மாட்டேங்குறாருக்கா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் பார், உனக்காக நான் தெருவில் நின்று வாதாடியவள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கடோ என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்தவன் போல நடந்துகொண்டதால். அப்போது உனக்கு எட்டு வயது இருக்கும். மழைக்கால நோன்பு முடிந்து பர்மாக்காரர்கள் வீட்டுக்கு வீடு விளக்கு வைத்திருந்த நாள். நான் பேறு பார்த்த ஒரு பெண், கால் முன்னால் வந்த பிள்ளை அது, அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாமுவே சந்தைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தாள். ஒரு துண்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். உடம்பாலும் வாயாலும் மனதாலும், தெரிந்தோ தெரியாமலோ சயாமாவுக்கு ஏதாவது குற்றம் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றாள். பேறு பார்க்கிறவளும் அவர்களுக்கு சயாமாதான், குருதான். நான் மன்னித்தேன் என்று சொல்லி, நல்லா இருக்க வேண்டும் என்று வாழ்த்தினேன். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அவள் எழுந்தாள். நீ அலமாரிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்தக்கா என்ன தப்பும்மா செஞ்சிச்சு?" என்று கேட்டாய். ஒன்றும் செய்யவில்லை, தெரியாமல் செய்திருந்தாலும் என்று கேட்கிறாள் என்றேன். "அப்ப நீ வாய் தெறக்காட்டி அது எந்திரிக்கவே எந்திரிக்காதா?" என்றாய். எட்டு வயதில் உனக்கு அது விளங்கிவிட்டது.

பழைய கல்லூரியில் உன் முதல் வருஷத்தை நினைத்துப் பார். தினமும் தலையைப் பிய்த்துக்கொண்டு வருவாய். "பந்தோட நல்லாத்தாம்மா ஓடி வர்றான். எனக்கு முன்னால வந்ததும் கூனிக்கிறான். குனிஞ்சா கூடை எங்க தெரியும்?" என்பாய். பெரியவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நடந்து போகிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. பெற்றவர்கள் முன்னால், குரு முன்னால், உடம்பு தானாகக் குனியும். நாம் சோற்றை மிதித்துவிட்டால் கை தானாகக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறதே, அதைப் போல. திட்டினாய், கெஞ்சினாய், ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் சொன்னேன், திட்டி நிறுத்த முடியாதுடா, நீயே உத்தரவு கொடு, கடோவுக்கு வரும்போது கொடு என்று. அந்த வருஷம் பையன்கள் நம் வீட்டுக்கு வந்து கும்பிட்டார்கள். நீ வாழ்த்திவிட்டு, "கோட்டுக்குள்ளே நான் சயா இல்லை, நிமிர்ந்து ஓடுங்கள், அதுதான் எனக்கு மரியாதை" என்று பர்மியத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாய். மறுநாளிலிருந்து நிமிர்ந்து ஓடினார்கள். ஒவ்வொரு வருஷமும் விளக்குத் திருநாளில் வந்து கும்பிடுவார்கள், ஒவ்வொரு வருஷமும் நீ அந்த உத்தரவைப் புதிதாகக் கொடுப்பாய். உன் அணி ஜெயித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அந்த உத்தரவும் அதில் ஒன்று என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

இந்த வருஷமும் வந்தார்கள். நீ எதிர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டாய், ஆனால் குவாட்டர்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, நம் வீட்டில்தான் இருந்தாய். பட்டு லுங்கி கட்டி, தலைக்கு எண்ணெய் தேய்த்து, பழைய அணி முழுக்கத் தெருவில் வருவதை நீ ஜன்னலில் பார்த்தாய். "அம்மா, அடிக்க வந்துட்டானுங்க. நான் இல்லன்னு சொல்லு" என்றாய். "வாழப்பழமும் வெள்ளத் துண்டும் தூக்கிக்கிட்டு எவன்டா அடிக்க வருவான்?" என்று கேட்டேன். நீ அதற்குள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதற்காக இப்படியா? எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மவுங் மியா கேட்டதும், சயா உள்ளேதான் இருக்கிறார், கதவைத் திறக்கமாட்டேன் என்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் கோபப்படவில்லை. மூலையில் கிடந்த உன் அப்பாவுடைய நாற்காலியைக் காட்டி, "சயாமா, இதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டான். எடுத்து உன் அறைக் கதவுக்கு முன்னால் போட்டான். ஓட்டுச் சில்லையும் மறக்காமல் எடுத்து அந்தக் கட்டைக்காலின் கீழ் வைத்தான். பிறகு எல்லாரும் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார்கள்.

நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாய் என்று எனக்குத் தெரியும். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். கடைசியில் மவுங் மியா மட்டும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான்: "அடுத்த மாதம் சயாவுக்கு எதிரே ஆட வேண்டியிருக்கிறது. அந்தக் குற்றத்துக்கும் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்." சொல்லிவிட்டு நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்கள். உன் கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. இதோ திறக்கப் போகிறான் என்று நினைத்தேன். திறக்கவில்லை. ஒரு வார்த்தை, கதவைத் திறக்காமலே சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து மவுங் மியாவே எழுந்து, "சயா களைப்பாக இருப்பார்" என்று மற்றவர்களிடம் சொன்னான். போகும்போது அந்தக் காலி நாற்காலியைத் தாண்டுகையிலும் ஒவ்வொருவனும் குனிந்துதான் போனான். அவர்கள் தெரு திரும்பிய பிறகு நீ வெளியே வந்தாய். அவர்கள் வைத்துவிட்டுப் போன சீப்பிலிருந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றாய். அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையாயிற்றே என்று விட்டேன்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். நீயே ஆசையாக என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார வைத்தாய். பியூன் உன் நாற்காலியைத் தூக்கி வந்து, மவுங் மியா கட்சி கூடை போட வேண்டிய பக்கத்துக் கம்பத்தருகே, கோட்டின் ஓரமாகப் போட்டுவிட்டுப் போனான். அது தற்செயல். அதில் உன் பேரில் குற்றமில்லை. நீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆட்டம் தொடங்கியது. மவுங் மியா பந்தோடு ஓடி வந்தான். உன் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் அவன் தோள் தாழ்ந்தது. பந்து கைவிட்டுப் போயிற்று. அடுத்தவன் வந்தான், அவனும் அப்படியே. பார்க்கிறவர்கள் பழைய கல்லூரிக்கு என்ன ஆயிற்று, சோறு சாப்பிடவில்லையா என்று சிரித்தார்கள். நானும் முதலில் என் மகன் கட்சி ஜெயிக்கிறது என்று கை தட்டினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு இந்த வருஷம் உத்தரவு கிடைக்கவில்லை. உன்னைப் பார்த்தேன். உனக்கும் அப்போதுதான் உறைத்தது, உன் முகத்தில் தெரிந்தது. பாவம், எழுந்து போய் வேறு பக்கம் உட்காரப் போகிறான் என்று நினைத்தேன்.

பாதி ஆட்டம் முடிந்தது. பக்கம் மாறினார்கள். இனி மவுங் மியா கட்சி எதிர்க் கம்பத்துக்குக் கூடை போட வேண்டும். நீ எழுந்தாய். பியூன் ஓடி வந்தான், நீ அவனை வேண்டாம் என்று கையைக் காட்டினாய். உன் கையாலேயே அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கத்துக் கம்பத்துக்கு அருகே, முன்னைவிட இன்னும் நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாய். கூட்டத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. வெயிலுக்காக மாறி உட்காருகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது. மவுங் மியாவுக்கும் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அவனுக்கு அப்படியெல்லாம் நினைக்க வராது. தம்பி, பழைய இடத்தை விட்டுப் போவது குற்றமில்லை. எதிரே நின்று ஜெயிப்பதும் குற்றமில்லை. அவன் உனக்கு வைத்திருந்த மரியாதையை எடுத்து அவன் காலுக்கே கண்ணியாக வைத்தாய். அதற்கு எந்தப் பாஷையில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு கூடை போட்டால் சமம் என்று இருந்தபோது அவன் வந்த வேகத்தை நீ பார்த்தாய். உன்னைக் கடக்கும்போது தலை குனிந்தது. கம்பத்தில் வளையத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பியின் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. அவன் முகம் அதில் மோதிய சத்தம் பெண்கள் பெஞ்சுவரைக்கும் கேட்டது. நீ பாதி எழுந்தாய். பிறகு உன் கல்லூரிப் பையன்கள் கத்திக்கொண்டு வந்து உன்னைத் தோளில் தூக்கினார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். அவன் தலையை என் மடியில் வைத்து, முகத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தேன். அதே சாயங்காலம் நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். நடுவில் நாற்காலி. நீ அதில் கோப்பையோடு. உன் தோள் இரண்டும் சட்டத்துக்குள் நன்றாக வந்திருக்கின்றன.

இடது கண் போய்விட்டது. காப்பாற்றலாம் என்று முதலில் டாக்டர் சொன்னார், பிறகு சொல்லவில்லை. நான் பேறு வார்டில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவனைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். முதல் நாள் அவனுக்குப் பேச்சு வந்ததும் கேட்டது, "சயாமா, சயாவுக்கு என்மேல் இன்னும் கோபமா?" என்றுதான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. "மன்னிப்புக் கிடைக்காமல் குருவுக்கு எதிரே ஆடினேன். அதற்குத்தான் இது. ஒரு கண்ணோடு போயிற்றே" என்றான். உனக்குப் புரிகிறதா? உன்னைப் பழிக்கவில்லை. தான்தான் உனக்குக் குற்றம் செய்துவிட்டதாக நினைத்துப் படுத்திருக்கிறான். சாப்பாட்டைத் தொடுவதில்லை. அவன் அப்பா நெல் விளைவிக்கிற மனிதர், வார்டில் பெஞ்சு இருந்தும் தரையில்தான் உட்காருகிறார். என்னைப் பார்த்துக் கை குவித்து, "சயா வந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் பையன் சாப்பிடுவான். அவருக்கு வேலை அதிகமாக இருக்கும், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்" என்கிறார். அவர் கேட்கிற பணிவைப் பார்க்கும்போது எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்துவிடக் கூடாதா என்று இருக்கிறது. நாற்காலி விஷயத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தால் அது கோள். உன் வாயிலிருந்து வந்தால்தான் அது உண்மை.

அதனால் வா. வந்தால் அவன் கட்டிலிலிருந்து இறங்கி உன்னைக் கும்பிடப் பார்ப்பான். தடுக்காதே. தடுத்தால் நீ மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான். கூச்சமாக இருக்கும், செத்துவிடலாம் போல இருக்கும், இருக்கட்டும், அந்தக் கும்பிடை வாங்கிக்கொள். அவன் எழுந்திருக்க வேண்டுமானால் உன் வார்த்தை வேண்டும், அதை முதலில் கொடு. பிறகு நாற்காலியைப் பற்றிச் சொல். பாதி ஆட்டத்தில் தெரிந்தேதான் தூக்கிப் போட்டேன் என்று சொல். அவன் அப்பா காதிலும் விழும்படி சொல். சொன்ன பிறகு அவன் உன்னை சயா என்று கூப்பிடமாட்டான். வேறு யாரையுமே அப்படிக் கூப்பிட அவனுக்கு மனம் வராமல் போகலாம், அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் பயம். ஆனாலும் தன் கண் போனதற்குத் தானே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஆயுசு முழுக்க வயலில் குனிந்து கிடப்பதற்கு, உன்னை வெறுத்துவிட்டுப் போவது மேல். உன்னை வெறுத்தால் சோறாவது சாப்பிடுவான்.

அப்பாவுடைய நாற்காலியை அனுப்பி வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாய். தரமாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். குவாட்டர்ஸில் எனக்கும் ஒரு அறை ஒதுக்கியிருப்பதாக அந்த ஆள் சொன்னான். நீ வந்து போன பிறகு அதைப் பற்றி யோசிக்கிறேன். வராவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை, இந்த வீடும் இந்த வேலையும் எனக்குப் போதும். உன்மேல் பாசமில்லை என்று நினைக்காதே. அன்றைக்கு மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டிருந்தபோதும் என் கண் கூட்டத்தில் உன்னைத்தான் தேடியது, உன்னை யாராவது அடித்துவிடுவார்களோ என்று. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில். கட்டிலின் காலடியில் அவன் அப்பா தரையில் உட்கார்ந்திருப்பார். அவர்களுக்கு முன்னால் போகும்போது, இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகள் உனக்குக் குனிந்தார்களே, அதே மாதிரி குனிந்து போ. அவனுக்கு வலது பக்கமாகப் போ. இடது பக்கம் போனால் நீ குனிவது அவனுக்குத் தெரியாது.

உன் அம்மா